பத்து நிமிஷம் முன்னாடி

– பதினோரு தடவையும் நீயே ஜெயிச்சிருக்கக்கா. பதினொண்ணுக்குப் பதினொண்ணு!

– ஜெயிக்கறதுக்கு இது என்ன ஓட்டப் பந்தயமாடா? கண் வங்கி. ஒரு கருவிழி வந்திருக்குன்னு ஸ்கிரீன்ல தெரியும். என் நோயாளிக்கு ஒத்துப்போனா நான் பதிவேன். அவ்வளவுதான்.

– நீ பதியற அதே நேரத்துல துறைமுக சென்டர்லயும் ஒருத்தர் அதே கருவிழியப் பதியறாங்க. ரெண்டு பேர் ஸ்கிரீன்லயும் 'உங்களுக்கே'ன்னு பச்சையா வருது. நாலஞ்சு நிமிஷம் கழிச்சு ஒருத்தருக்கு மட்டும் சிவப்பா மாறுது. எட்டு மாசத்துல பதினோரு தடவ இப்படி மோதியிருக்கு. ஒரு தடவகூட உன் மலை சென்டர் சிவப்பாகல.

– எங்க ராசி அப்படி.

– ராசியாம்! காசு சுண்டினாக்கூட பதினோரு தடவ தொடர்ந்து தலை விழாது.

– பொறாமைல பேசறியா, இல்ல வேலையாப் பேசறியா? எனக்கு இங்க தலைக்கு மேல வேலை கிடக்கு.

– வேலையாத்தான். பதினோராவது மோதல் இன்னிக்குக் காலைல. துறைமுகத்துல கோவமாப் புகார் குடுத்துட்டாங்க. அந்தக் கருவிழி தலைமை ஆபீஸ் குளிர்பெட்டில இருக்கு. நாலு மணி வேன்ல அது மலைக்கு ஏறணுமா, துறைமுகத்துக்கு ஏறணுமான்னு நான்தான் சொல்லணும். ஏன்னா இந்த சிஸ்டத்தக் கட்டினவன் நான்.

– இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு? எங்க ஸ்கிரீன் பச்சையா இருக்கு. தையல்காரம்மா காலைலேர்ந்து வார்டுல படுத்திருக்காங்க, நாளைக்கு ஆபரேஷன்னு சொல்லியாச்சு.

– அங்கயும் ஒருத்தர்கிட்ட 'நாளைக்கு'ன்னு சொல்லியாச்சுக்கா. அப்புறம் இல்லன்னு சொல்லிட்டாங்க.

– அய்யோ. யாரு?

– பேரு சொல்லக்கூடாதுன்னு உனக்கே தெரியும். நம்பர் மட்டும்தான். நாப்பத்தாறு.

– நாப்பத்தாறா... இந்த நம்பர முன்னாடியும் பாத்திருக்கேனே.

– இரு, அதுக்கு வரேன். மொதல்ல ஏன்னு கண்டுபிடிப்போம். பத்தாவது மோதலுக்கே சந்தேகம் வந்து நேத்து முழுக்க மண்டைய ஒடச்சிக்கிட்டேன். தலைமை ஆபீசுக்குப் பக்கத்துல இருக்கறவங்க ஜெயிச்சா அர்த்தம் இருக்கு. உன் நெட் லைன்தான் இருக்கறதுலயே மோசம். மலை மேல ஏறி இறங்கி ஆமை மாதிரி வருது.

– ஆமை ஜெயிச்சா உனக்கு ஏண்டா வயித்தெரிச்சல்?

– அக்கா!

– சரி சரி, சொல்லு. எனக்குப் புரியற மாதிரி சொல்லு. ரெண்டு பேருக்கும் எப்படிப் பச்சை வரும்? ஒரே நோட்டுதானே?

– ஒரே நோட்டு இல்ல. மூணு நகல். உன் சென்டர்ல ஒண்ணு, துறைமுகத்துல ஒண்ணு, தலைமை ஆபீஸ்ல ஒண்ணு. நீ பதிஞ்சா உன் நகல்ல எழுதிட்டு உடனே பச்சை காட்டிடும். மத்த ரெண்டுக்கும் சேதி அப்புறமாப் போகும். முன்னாடி இப்படி இல்ல, ஞாபகம் இருக்கா?

– மறக்குமா? பட்டன அமுக்கிட்டு ஒரு டீ குடிச்சிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். டாக்டர் பின்னால நின்னு பெருமூச்சு விடுவாரு.

– மூணு நகலும் 'சரி'ன்னு சொன்னாத்தான் அப்ப பதிவாகும். அதான் சுத்தும்.

– சுத்தினாக்கூடப் பரவால்ல. மழைல மண்ணு சரிஞ்சு லைன் மூணு நாள் அறுந்து கிடந்துச்சே? மலைலேர்ந்து பதில் வரலன்னு ஒரு சென்டர்லயும் பதிய முடியல. ரெண்டு கருவிழி குளிர்பெட்டிலயே கெட்டுப்போச்சு. செத்தவங்க வீட்டு மனுஷங்க அழுதுக்கிட்டே கையெழுத்துப் போட்டுக் குடுத்ததுடா அது. தூக்கிப் போட்டாங்க. எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல.

– அப்பதான் நீ நாலு பக்கத்துக்கு லெட்டர் எழுதின. எங்க மேனேஜர் மீட்டிங்ல அத சத்தமாப் படிச்சாரு. 'இது யாரு, உன் அக்காவா?'ன்னு கேட்டாரு. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன்.

– எழுதினதுல என்ன தப்பு?

– தப்பே இல்ல. அதனாலதான் மாத்தினோம். யாருக்காகவும் காக்க வேண்டாம், கேட்டவுடனே பதில், அப்புறமா மூணு நகலும் பேசி ஒத்துப்போகட்டும்னு. அம்மாவுக்கு நாம குக்கர் வாங்கின மாதிரி.

– ஹஹ! மூணு பேரும் மூணு குக்கர்!

– நீ ஒண்ணு வாங்கிட்டு குரூப்ல போட்ட. நான் ஒண்ணு வாங்கிட்டுத்தான் குரூப்பத் தொறந்தேன். பெரியண்ணன் ரெண்டையும் பாக்காம மூணாவதத் தூக்கிட்டு வந்தாரு.

– அண்ணன் பதில் போடற வரைக்கும் காத்திருந்தா அம்மா இன்னும் சட்டிலதான் வடிச்சிக்கிட்டு இருப்பாங்க. ஆமா, அம்மா எப்படி இருக்காங்க? உன்கூட இருந்துக்கிட்டு என்ன மறந்துட்டாங்க. வீடியோல வான்னா வர்றதில்ல. முன்னெல்லாம் மெசேஜ் பக்கம் பக்கமா டைப் பண்ணுவாங்க, இப்ப எதுக்கெடுத்தாலும் குரல்ல பேசி அனுப்பறாங்க.

– கை வலியாம்.

– கை வலிக்கு எதாவது தைலம் வாங்கிக் குடுடா. பின்னல் வேலைகூட விட்டுட்டாங்களாமே?

– வாங்கித் தரேன். குக்கருக்கு வா. குக்கர் மூணு இருந்தா ஒண்ணும் குடி முழுகிடாது. கருவிழி ஒண்ணுதான். மூணு நகலும் கடைசில பேசும்போது ரெண்டு பேர் எழுதியிருந்தா யார வச்சுக்கறது, யார அழிக்கறது? அதுக்கு ஒரு விதி வேணும்.

– இதென்ன பெரிய கேள்வி? யாரு முன்னாடி எழுதினாங்களோ அவங்களுக்கு.

– அதான் இல்லக்கா. கடைசியா எழுதினது நிக்கும்.

– என்னது? லேட்டா வந்தவனுக்கா கண்ணு? எந்த மடையன்டா இத எழுதினது?

– உன் தம்பிதான். கத்தாத. நோயாளியோட போன் நம்பர், அட்ரஸ் இதெல்லாம் மாத்தினா புதுசுதானே நிக்கணும்? அதுக்காக வச்ச விதி. கருவிழிப் பதிவும் அதே நோட்டுல இருக்கு, அதுக்கும் சேந்து பொருந்திடுச்சு. நாங்க ஒருத்தரும் கவனிக்கல.

– தலைல அடிச்சுக்கணும்.

– நானே அடிச்சுக்கிட்டேன். ஆனா அதுலயும் ஒரு புதிர் இருக்கு. லேட்டா வர்றவங்க ஜெயிக்கறாங்கன்னே வை. நீ மட்டும் எப்படி எல்லாத் தடவையும் லேட்? நம்ம வீட்டுல உன் அளவுக்கு அவசரப்படற ஆளே கிடையாது. அம்மா உன்ன அவசரக்குடுக்கைன்னு சும்மாவா கூப்பிடறாங்க? கருவிழி வந்த சத்தம் கேட்டதும் பாஞ்சு அமுக்கறவ நீ.

– அது உண்மைதான். மவுஸ் மேலயே கைய வச்சிருப்பேன்.

– அப்ப நீ முன்னாடி. முன்னாடி வந்தா தோக்கணும். நீ தோக்கல. எப்படி?

– என்னக் கேட்டா? நீதான் படிச்சவன்.

– இருக்கறதச் சொல்லு. நீ பதியற கம்ப்யூட்டர வேற யாராவது தொடுவாங்களா?

– யாரும் தொட மாட்டாங்க. தொட்டா கைய ஒடச்சிடுவேன்னு சொல்லி வச்சிருக்கேன்... ஒரு நிமிஷம் இரு. யாரோ கதவத் தட்டறாங்க. வாங்க தையல்காரம்மா, பாத்து, அங்க ஒரு படி இருக்கு.

– படி எனக்குத் தெரியும்மா. கால் பழகிடுச்சு. தொந்தரவு பண்றேனா?

– இல்லீங்க, என் தம்பிதான் போன்ல. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், கை ஒழியல. சொல்லுங்க.

– ஒண்ணுமில்ல, படுக்க முடியல. நாளைக்கு எத்தன மணிக்குன்னு ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.

– காலைல ஒம்பது மணிக்குங்க. அதென்ன கைல பை?

– ஊசியும் நூலும்தான். கட்டு அவுத்ததும் மொதல்ல ஒரு நூல் கோத்துப் பாக்கணும்மா. சிரிக்காதீங்க. என் பொண்ணுக்கு ஊசி கோக்கக் கத்துக் குடுத்தவ நான். இப்ப அவ வேலைக்குப் போறதுக்கு முன்னாடி எனக்கு இருவது ஊசி கோத்து வச்சிட்டுப் போறா. இருவதாவது தீந்துச்சுன்னா அன்னிக்குக் கடை மூடியாச்சு.

– அய்யோ, நான் சிரிக்கலங்க. போய்ப் படுங்க. மூணு இருவத்தஞ்சு ஆச்சு, இன்னும் கொஞ்ச நேரத்துல நர்ஸ் வந்து ரத்தம் எடுப்பாங்க.

– மூணேகால்தான்ம்மா. வார்டு ரேடியோல இப்பத்தான் மூணேகால் செய்தி ஆரம்பிச்சுது. உங்க கடிகாரம் எப்பவும் பத்து நிமிஷம் வேகமாச்சே, நர்சுங்க பேசிக்குவாங்க. வரேன்ம்மா, தம்பி, வரேன்ப்பா.

– பாத்துப் போங்க... ம்ம், எங்க விட்டோம்? டேய். லைன்ல இருக்கியா? டேய்!

– அக்கா, உன் கடிகாரம் வேகமா?

– சுவர்ல இருக்கற அந்தப் பெரிய ஸ்கிரீன்டா. ஆமா, பத்து நிமிஷம் முன்னாடி. நான்தான் வச்சேன். இங்க கடைசி பஸ் டாண்ணு அஞ்சரைக்குக் கிளம்பிடும். தெனம் ரெண்டு பேரு விட்டுட்டு என் தலைய உருட்டுவாங்க. நம்ம வீட்டுல அம்மா வைக்கல? பத்து நிமிஷம் முன்னாடி வச்சா வாழ்க்கைல எதுக்கும் ஓட வேணாம்னு சொல்வாங்களே. அதே வைத்தியம்.

– அந்த ஸ்கிரீன் மணிய எங்கேர்ந்து எடுக்குது?

– மூலைல ஒரு கறுப்புப் பெட்டி விளக்கு மின்னிக்கிட்டு இருக்கே, அதுலேர்ந்து.

– அக்கா... அதுதான் சர்வர். உன் நகல் அதுலதான் இருக்கு. அது ராத்திரியானா தானா மணியச் சரி பண்ணிக்குமே?

– பண்ணிக்குச்சு, சனியன். காலைல வந்து பாத்தா பழைய மணி காட்டும். மூணு நாள் பொறுத்தேன். நாலாம் நாள் மெஷின் பாக்கறவர விட்டு அந்தத் தானா சரி பண்ற வசதிய அணைக்கச் சொல்லிட்டேன்.

– எப்ப?

– நீங்க புது முறைக்கு மாத்தினீங்களே, அந்த வாரம்தான்... ஏண்டா சிரிக்கற?

– சிரிக்காம என்ன பண்றது! நான் நேத்து ராத்திரி வரைக்கும் நாலாயிரம் வரி புரட்டியிருக்கேன். லைன சந்தேகப்பட்டேன், கேபிள சந்தேகப்பட்டேன், என்னையே சந்தேகப்பட்டேன். நம்ம வீட்டு சமையலறைக் கடிகாரத்த சந்தேகப்படத் தோணல!

– புரியற மாதிரி சொல்றியா இல்லியா?

– கடைசியா எழுதினது நிக்கும். எது கடைசின்னு எப்படித் தெரியும்? பக்கத்துல போட்டிருக்கற மணிய வச்சு. நீ பதினொண்ணு ரெண்டுக்கு அமுக்கினா உன் பெட்டி பதினொண்ணு பன்னெண்டுன்னு போடும். துறைமுகத்துல பதினொண்ணு அஞ்சுக்கு அமுக்கினா பதினொண்ணு அஞ்சுன்னே போடும். எது கடைசி?

– என்னோடது.

– அவங்க உனக்கு முன்னாடி அமுக்கினாலும் நீ கடைசி. பின்னாடி அமுக்கினாலும் நீ கடைசி. மோதறதெல்லாம் நாலஞ்சு நிமிஷத்துக்குள்ள. உன்கிட்ட இருக்கறது பத்து. நீ தோக்கவே முடியாது.

– அடப்பாவி... எட்டு மாசமாவா?

– எட்டு மாசமா.

– டேய், நான் வேணும்னு பண்ணலடா.

– தெரியும்க்கா.

– பஸ்ஸுக்காகத்தான்டா வச்சேன். சத்தியமா... சரி, கணக்கப் பாரு. பத்து நிமிஷத்தக் கழிச்சிட்டு ஒவ்வொண்ணாப் பாரு. எத்தனைல நான் நிஜமாவே முன்னாடி?

– பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்... நாலு.

– அப்ப ஏழு பேரோடத நான் புடுங்கியிருக்கேன்.

– ஏழு தடவ. அதுல அஞ்சு பேருக்கு ரெண்டு வாரத்துக்குள்ள வேற கிடைச்சு, எல்லாம் நல்லா ஆயிட்டாங்க. மீதி ரெண்டு தடவையும் ஒரே ஆளு.

– நாப்பத்தாறு.

– ஆமா.

– அதான் அந்த நம்பர் எனக்குத் தெரிஞ்சிருக்கு. ரெண்டு தடவ 'நாளைக்கு'ன்னு சொல்லி ரெண்டு தடவ திருப்பி அனுப்பியிருக்காங்க. இன்னிக்கு மூணாவது. கடவுளே. என்ன பண்ணி வச்சிருக்கேன்டா.

– தண்ணி குடி.

– தண்ணியும் வேணாம், ஒண்ணும் வேணாம். மொதல்ல இந்த முறைய மாத்து. இப்பவே.

– எப்படி மாத்தணும்னு நீயே சொல்லு. லெட்டர் எழுதினவ நீ. பழையபடி மூணு பேரும் சரின்னு சொல்ற வரைக்கும் காக்கலாமா?

– காத்திருந்து, மழைல கருவிழி கெடணுமா? வேணாம். மூணுல ரெண்டு பேரு சரின்னா போதும்னு வச்சா என்ன? நம்ம வீட்டுல அப்படித்தானே நடக்குது? நீயும் நானும் சரின்னா அண்ணன் எப்பப் பாத்தா என்ன?

– வைக்கலாம். நானும் அதத்தான் யோசிச்சேன். ரெண்டு நகல் ஒத்துக்கிட்டா ஒரு கருவிழி ரெண்டு பேருக்குப் போகவே போகாது. உன் பெட்டி எத்தன மணி காட்டினாலும் சரி. ஆனா ஒண்ணு யோசி. லைன் அறுந்தா துறைமுகமும் தலைமை ஆபீசும் ரெண்டு பேரு, அவங்க பதிஞ்சுக்குவாங்க. நீ ஒத்தை ஆளு. லைன் வர்ற வரைக்கும் உன் மலைக்கு ஒண்ணுகூடக் கிடைக்காது.

– மழை மாசத்துல எங்க ஆளுங்க காத்திருக்கணும்.

– ஆமா. மத்த நாள்லயும் ஒவ்வொரு பதிவுக்கும் அந்த வட்டம் நாப்பது செகண்ட் சுத்தும்.

– நாப்பது செகண்ட்தானே, டாக்டர் மூச்சு விட்டுக்கிட்டு நிக்கட்டும். போன் நம்பர் மாத்தறதுக்கெல்லாமும் சுத்துமா?

– அதுக்கெல்லாம் வேணாம். கருவிழி எடுக்கறதுக்கு மட்டும் காத்திருந்தாப் போதும்.

– அப்ப அப்படியே வை. மழைக்கு நான் தபால்காரன் மாதிரி ஜீப்ல எறங்கியாவது பதிஞ்சுக்கறேன். அப்புறம் இன்னிக்கு வந்தது... அத துறைமுகத்துக்கு ஏத்தச் சொல்லு. நாப்பத்தாறுக்கு.

– இல்லக்கா.

– என்ன இல்ல? நான் விடுவிச்சிடறேன், ஒரு பட்டன்தான்.

– அமுக்காத! இன்னிக்கு நீ அமுக்கினது நிஜமா பதினொண்ணு ரெண்டு. அவங்க பதினொண்ணு அஞ்சு. பத்து நிமிஷத்தக் கழிச்சாலும் நீதான் முன்னாடி. இன்னிக்கு வந்தது தையல்காரம்மாவோடதுதான்.

– ரெண்டு தடவ என்னால ஏமாந்த ஆளுடா! மூணாவது தடவையும் 'போய்ட்டு வாங்க'ன்னு சொன்னா அது மனுஷத்தனமா?

– அப்ப அந்த இருவது ஊசிக்கு என்ன பதில் சொல்லுவ? அவங்க என்ன தப்பு பண்ணாங்க? பையத் தூக்கிட்டு வந்து நிக்கறாங்க.

– என்னக் கொல்லாதடா. நீயே சொல்லு, நான் என்னதான் பண்றது?

– உன் பெட்டியோட மணியச் சரி பண்ணு. தையல்காரம்மாவ நாளைக்கு ஒம்பது மணிக்கு அனுப்பு. அடுத்தது வந்தா, வரிசைப்படி நாப்பத்தாறுக்கு. அவ்வளவுதான்.

– நீ ஈசியா சொல்லிடுவ. அந்த ஆள் இடத்துல இருந்து பாரு. அவங்க ஒத்துக்குவாங்களா?

– ஒத்துக்கிட்டாங்க.

– எப்ப கேட்ட?

– இப்பதான். நானும் ஸ்பீக்கர்லதான் போட்டிருக்கேன். தையல்காரம்மா பேசினதெல்லாம் கேட்டாங்க. 'முன்னாடி வந்தவளுக்குக் குடுக்கச் சொல்லு, நான் ஊசி கோத்து யாருக்குத் தைக்கப் போறேன்'னு கைய ஆட்டிட்டாங்க.

– நீ எங்கேர்ந்துடா பேசற? ஆபீஸ்லேர்ந்து இல்லியா?

– துறைமுக சென்டர் ஹால்லேர்ந்து. காலைலேர்ந்து இங்கதான் இருக்கேன்.

– இவ்வளவு நேரம் பக்கத்துலயே வச்சிருந்தியா? நான் கண்டபடி பேசிட்டேனே! எனக்குத் தம்பின்னு வாச்சிருக்கியே... அவங்க என்னத் திட்டலியா?

– திட்டல. ரொம்ப நேரமாச் சிரிச்சிக்கிட்டு இருக்காங்க. மலைல யாரு வேலை செய்யறான்னு அவங்களுக்குத் தெரியும். உன்கிட்ட எதையும் சொல்லக்கூடாதுன்னு எட்டு மாசமா என்கிட்ட சத்தியம் வாங்கி வச்சிருந்தாங்க. சொன்னா நீ வரிசையத் தாண்டி எடுத்துக் குடுத்துடுவியாம்.

– எனக்கு எதுக்கு அந்த ஆள் மேல... என்னடா உளறற? போனக் குடு. நானே மன்னிப்பு கேட்டுக்கறேன்.

– குடுக்கறேன். ஆனா அழக்கூடாது.

– நான் ஏண்டா அழப் போறேன்?

– ஏண்டி அவசரக்குடுக்கை, இப்பவாவது சரியா மணி எத்தனன்னு சொல்லுடி. இங்க எதிர்ச் சுவர்ல கடிகாரம் மாட்டியிருக்காங்களாம், எனக்கு வெள்ளையா ஒரு வட்டம்தான் தெரியுது.